எழுபத்தொன்றாம் பக்கம்

புத்தம் புதிய புத்தகம். அட்டையைத் திறந்ததும் அதன் முதுகு மடக்கென்று முறிந்தது, பசை வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. முதல் தாளில் ஒட்டியிருந்த சீட்டில் ‘லம்பர்ட் வீன்ஸ்ட்ரா நினைவாக’ என்று அச்சிட்டிருந்தது. ட்ரீனா அந்தப் பெயரை ஒருமுறை விரலால் தடவிக் கொடுத்துவிட்டு, பிப்ரவரிப் பிற்பகலின் சோம்பேறி வெளிச்சத்தை நம்பாமல் நாற்காலியை விளக்கடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். எழுபத்தொன்றாம் பக்கத்துக்கு வந்தபோது, பக்க எண்ணுக்கு அருகே பென்சிலால் சின்னதாக ஒரு ‘சரி’க் குறி போட்டிருந்தது.

அது லம்பர்ட்டின் குறி. லம்பர்ட்டை நவம்பரில் புதைத்தாயிற்று. புத்தகத்தை அதற்குப் பிறகுதான் வாங்கினார்கள்.

மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஊர்ச் சபையில் வயதானவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு திருட்டுக் குறி உண்டு. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், காபிப் பானைகளுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவில் ஒரு நூலகம். அதில் மர்ம நாவல்கள் மட்டுமே மூன்று சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். எல்லா அட்டையிலும் அதே பனி, அதே கலங்கரை விளக்கம், அதே பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். படித்ததையே திரும்பத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, ஆளுக்கொரு பக்கத்தில் ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். லம்பர்ட்டின் தங்கை டெனாதான் நூலகப் பொறுப்பாளி, புத்தகத்தில் கோடு போடுகிறவர்களைக் கண்டால் கண்ணாலேயே எரித்துவிடுவாள். ஆனால் அவளும் முப்பதாம் பக்கத்தில் ரகசியமாக ஒரு நட்சத்திரம் போட்டு வைப்பாள்.

லம்பர்ட்டும் ட்ரீனாவும் கல்யாணம் செய்துகொண்டது எழுபத்தொன்றாம் வருஷத்தில். அதனால் எழுபத்தொன்றாம் பக்கம். முதலில் படிப்பது அவர். ஒரு ‘சரி’ போட்டு, அதன் கீழே தன்னுடைய சந்தேகத்துக்கு ஆளானவரின் பெயரையும் எழுதுவார். அடுத்து அவள் படித்துவிட்டு, அந்தக் குறிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போடுவாள். ஐம்பது வருஷத்தில் அவர் குறைந்தது ஆயிரத்து நானூறு நாவல் படித்திருப்பார். ஒரு கொலைகாரனையாவது கண்டுபிடித்தாரா என்றால், இல்லை. ‘நான்தான் கொன்றேன்’ என்று முதல் வரியிலேயே ஒருத்தன் ஒப்புக்கொண்ட நாவலில்கூட, லம்பர்ட் ஓர் அப்பாவித் தபால்காரரைப் பிடித்து உள்ளே போட்டார்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது கிறிஸ்தவப் பதிப்பகங்களின் நாவல்கள். அவற்றில் யாரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. கத்திக்குத்து வாங்கினவன்கூடக் கர்த்தரின் பெயரை வீணில் வழங்காமல் மரியாதையாகச் செத்துப் போவான். வெளிப் பதிப்பகத்து நாவல் வந்தால் டெனா முதலில் கறுப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவாள். சில புத்தகங்களில் அவள் அடித்தது போக மிஞ்சுவது ஊர்ப் பெயரும் வானிலையும்தான்.

“நம்ம நாவல்ல கொலைகாரன் கடைசியில மண்டி போட்டு அழுவான், வெளி நாவல்ல வக்கீல் வைப்பான்,” என்பார் லம்பர்ட். “மத்தபடி ஒண்ணுதான்.”

அவர் சாவுக்கு மலர் வேண்டாம், அவர் பெயரில் நூலகத்துக்கு நன்கொடை கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படி வந்து சேர்ந்தவைதான் இந்தப் புது நாவல்கள். பிப்ரவரியை மர்ம மாதம் என்று டெனா அறிவித்தாள். புதிய பதினொன்றோடு பழையது ஒன்றும் சேர்த்துப் பன்னிரண்டு புத்தகங்கள், இருபத்தெட்டு நாள். அவற்றை முதலில் தொடுகிற உரிமை ட்ரீனாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய், அந்தப் புத்தகத்தை யாராவது படித்தார்களா என்று விசாரித்தாள். வியாழக்கிழமை பெட்டி வந்தது, என் கையால்தான் பிரித்தேன், இது நம்முடைய பதிப்பகத்து நாவல் என்பதால் மைப் பேனாவுக்குக்கூட வேலை வரவில்லை என்றாள் டெனா. ட்ரீனா பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். டெனா கண்ணாடியை மேலே ஏற்றி, கீழே இறக்கி, வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் ட்ரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயே போட்டிருப்ப, ட்ரீனா. ஞாபகம் இருக்காது. எங்க அம்மா போனப்ப எங்கப்பா ஒரு வருஷம் ரெண்டு தட்டு வெச்சாரு.”

“நான் வட்டம்தான் போடுவேன்.”

“சரி, எங்கண்ணனே வந்து போட்டான்னு வெச்சுக்கோ. யாரைச் சந்தேகப்பட்டிருக்கான்? எழுதலையா? அப்ப அவன் இல்ல. ஒரு அப்பாவியை உள்ள தள்ளாம அவனுக்குத் தூக்கம் வராதே.” அவள் சிரித்தாள், உடனே கண் கலங்கியது. “தூக்கத்துலயே போயிட்டான். அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதை நினைச்சுத்தான் நான் ராத்திரி கண்ணை மூடுறேன்.”

ட்ரீனா அடுத்த இரண்டு புத்தகங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஊழியம் செய்கிறவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு படியேறினாள்.

இரண்டாவது நாவலில் ‘சரி’யும் இருந்தது, பெயரும் இருந்தது. அவருடைய கையெழுத்தேதான், ஒவ்வோர் எழுத்தும் மூட்டைப்பூச்சி கடித்தது மாதிரி நெளிந்தது. ரொட்டிக் கடைக்காரியைச் சந்தேகப்பட்டிருந்தார். கொன்றவர் பல் வைத்தியர். மூன்றாவதில், மின்சாரத்தைத் தொடாத ஆமிஷ் கிராமத்துக் கொல்லனைப் பிடித்தார். கொன்றது கொல்லனின் மாமியார். தன் வாய் சிரித்துக்கொண்டிருப்பதை ட்ரீனா அப்போதுதான் கவனித்தாள். நவம்பருக்குப் பிறகு முதல் முறையாகச் சிரிக்கிறாள். எழுந்து போய் இன்னொரு கோப்பை காபி போட்டு, லம்பர்ட் உட்காரும் எதிர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து சத்தமாகவே படிக்க ஆரம்பித்தாள்.

தினமும் மூன்று மணிக்கு உட்கார்ந்துவிடுவாள். வெளியே ஏரி தன் வயிற்றிலிருந்த பனியையெல்லாம் ஊர்மேல் கொட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் பாதிக்கு மேல் மூடி, வீட்டுக்குள் பால் கலந்த தண்ணீர்போல ஒரு வெளிச்சம் தேங்கி நிற்கும். வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் முனகும், குளிர்பதனப் பெட்டி பெருமூச்சு விடும், காபி ஆறி ஆடை கட்டும். கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் எதிர் நாற்காலியிலிருந்து ஒரு வாசனை எழும். பெப்பர்மின்ட். அந்தச் சபையில் பெப்பர்மின்ட் வில்லை வாயில் போடாமல் பிரசங்கம் கேட்டவர் எவரும் பரலோகம் போனதில்லை என்று லம்பர்ட் சத்தியம் செய்வார். பிரசங்கத்தின் மூன்று பகுதிக்கு மூன்று வில்லை. மர்ம நாவலுக்கு ஒன்றே ஒன்று, கடைசி அத்தியாயத்தில். பல்லில் பட்டு அது கடகடவென்று புரளும் ஓசைக்காக அவள் வருஷக்கணக்கில் அவரைத் திட்டியிருக்கிறாள். இப்போது அந்த ஓசைக்காகப் படிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அது கேட்கவில்லை. வாசனை மட்டும் குளிர்ந்து, காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல வந்து போனது.

அவள் பயப்படவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாவது புத்தகம் வரை பயப்படவே இல்லை.

ஐந்தாவதில் கையெழுத்து மாறிப்போயிருந்தது. ‘சரி’க் குறி பாதியில் நடுங்கிக் கீழே வழுக்கியிருந்தது, சந்தேகப் பெயர் முடியாமல் நின்றுவிட்டிருந்தது. ஆறில் பெயரே இல்லை. ஏழில், பென்சிலைப் பிடிக்க முடியாத ஒருவர் காகிதத்தின்மேல் அதை உருட்டியதுபோல ஒரு கோடு. அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். அக்டோபரில் அவர் அப்படித்தான் எழுதினார்.

அதே வாரத்தில்தான் மாடியில் அந்தத் தட்டல் தொடங்கியது. தொப். தொப். துணி சுற்றின ஏதோ ஒன்று மரத்தில் மோதுவது மாதிரி. கூரையிலிருந்து பனி சரிகிறது என்று முதல் நாள் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் நாளும் அதையேதான் சொன்னாள். மூன்றாம் நாள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நாலு பத்து.

ட்ரீனா யாரிடமும் சொல்லாத ஒன்று அந்த நாலு பத்தில் இருந்தது.

நுரையீரல் நோய் முற்றியதும், ஏரி தெரிகிற மாடி அறையை விட்டு வரமாட்டேன் என்றார் லம்பர்ட். சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலை அங்கேயே கொண்டுவந்து போட்டார்கள். கூப்பிட ஒரு சின்னப் பித்தளைக் கைமணி. டியூலிப் பூத் திருவிழாவில் வாங்கியது, பிடியில் ஒரு காற்றாலை. கண் மங்கிவிட்டதால் அவள் படிப்பாள், அவர் கேட்பார். கடைசியாகப் படித்தது ஒரு கலங்கரை விளக்கத்துக் கொலை. எழுபத்தொன்றாம் பக்கம் வந்ததும் பென்சிலை வாங்கி, கஷ்டப்பட்டு, ‘சமையல்காரி’ என்று எழுதினார். அந்தப் பிற்பகலில் ஒரு அத்தியாயம்தான் பாக்கி. அவளோ ஒன்பது நாளாகத் தூங்கவில்லை. எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தன.

“பத்து நிமிஷம் படுத்துட்டு வர்றேன், லம்பர்ட். கடைசி அத்தியாயம் காபியோட.”

அவர் ஒரு வில்லையை எடுத்து வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். “போய்ட்டு வா. கொலைகாரன் எங்க ஓடிடப் போறான்.”

கீழே சோபாவில் சாய்ந்தாள். நாலு பத்துக்கு மேலே கைமணி அடித்தது. மெதுவாக, மரியாதையாக. அவளுக்குக் கேட்டது. மறுபடியும் அடித்தது. தண்ணீராக இருக்கும், தலையணையாக இருக்கும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நினைத்தாள். பிறகு சோபாவின் மெத்தையை எடுத்துத் தலைமேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். மணி நிற்காமல் அடித்தது. பிறகு நின்றது. நின்றதும் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஐந்தரைக்கு இரண்டு கோப்பைகளோடு மேலே போனபோது, அவர் முகம் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மூடிய கைக்குள் பெப்பர்மின்ட் கரைந்து பிசுபிசுத்தது.

தூக்கத்தில் போய்விட்டார், நானும் தூங்கிவிட்டேன் என்று தாதியிடம் சொன்னாள். போதகரிடம் சொன்னாள். டெனாவிடம் சொன்னாள். மணிக்குள் அவருடைய காலுறையைத் திணித்து, அது வாயைத் திறக்க முடியாதபடி சுற்றி, மாடி அறை அலமாரியில் ஒரு பெட்டிக்கடியில் வைத்தாள். புத்தகத்தைத் திருப்பித்தர வேண்டிய நாளும் அடக்க நாளும் ஒன்றாகிவிட்டது. தவணை தவறிய புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அந்தச் சபையில் யாரும் சாகக்கூடத் துணியமாட்டார்கள். கீழ்த்தளத்தில் எல்லாரும் சாவு விருந்துக்கு வழக்கமான பன்றி இறைச்சி ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கும்போதே, கறுப்பு உடையில் போய், திருப்பித்தரும் புத்தகங்களுக்கான பெட்டிக்குள் அதைப் போட்டாள். கடைசி அத்தியாயம் படிக்கப்படாமலே போனது.

எட்டாவது புத்தகத்தின் எழுபத்தொன்றாம் பக்கத்தில், சந்தேகப் பெயர் எழுதும் இடத்தில், ‘ட்ரீனா’ என்று இருந்தது.

புத்தகத்தை மூடிவிட்டாள். ஆயிரத்து நானூறு தடவை தப்பாகச் சொன்ன மனுஷன், இதுவும் தப்பு என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்பதிலும் ட்ரீனா. பத்தில் இரண்டு முறை. பதினொன்றைத் திறந்தபோது ஓரம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, வரிகளுக்கு நடுவில், அச்செழுத்தின்மேல் ஏறி, பென்சில் முனை காகிதத்தைக் கிழித்த இடங்களிலும் ட்ரீனா ட்ரீனா ட்ரீனா.

டெனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். சொல்லிவிடத்தான் கூப்பிட்டாள். மர்ம மாதப் பரிசான ஆப்பிள் பை பலகாரம் உனக்குத்தான், வேறு ஒருத்தரும் நாலைத் தாண்டவில்லை என்று டெனா மூச்சு விடாமல் சொன்னாள். பன்னிரண்டாவதை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன் என்றும் சொன்னாள்.

“எங்கண்ணன் கடைசியா எடுத்தது. நீ படிச்சு முடிச்சேன்னா அவனும் முடிச்ச மாதிரி. என்ன சத்தம் அது, ட்ரீனா? உங்க வீட்டுல யாராவது வந்திருக்காங்களா?”

“பனி,” என்றாள் ட்ரீனா.

பிப்ரவரி இருபத்தெட்டு. மூன்று மணி. கலங்கரை விளக்கம். எழுபத்தொன்றாம் பக்கத்தில் உயிரோடு இருந்த லம்பர்ட் போட்ட ‘சரி’, அவர் எழுதிய ‘சமையல்காரி’. வேறு எதுவும் இல்லை. அவள் பெயர் இல்லை. அந்த ஒரு பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு படித்தாள். வேகமாகப் படித்தாள், சத்தமில்லாமல். மேலே எதுவும் தட்டவில்லை. கடைசிக்கு முந்திய அத்தியாயம் முடிந்தது. அடுத்த தாள், வெறும் தலைப்பு.

பெப்பர்மின்ட் வாசனை. இந்தத் தடவை அது நாற்காலியிலிருந்து வரவில்லை. மாடியிலிருந்து படி வழியாக இறங்கி வந்தது.

கடிகாரம் நாலு பத்து.

தொப். தொப். தொப்.

பிறகு ஏதோ மெத்தென்று விழும் ஓசை. அவள் கழுத்தை மட்டும் திருப்பினாள். மாடிப்படியின் நாலாவது படியில் ஒரு சாம்பல் நிறக் காலுறை கிடந்தது. மணியின் வடிவம் இன்னும் அதில் உப்பியிருந்தது.

மேலே மணி அடித்தது.

மெதுவாக. மரியாதையாக.

அவள் கைகள் தாமாகவே சோபா மெத்தையைத் தேடின. தொட்டன. அதன் ஓரத்தைப் பிடித்தன. அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு மெத்தையை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

“வர்றேன், லம்பர்ட். வந்துட்டேன்.”

பதினான்கு படி. காலுறையைத் தாண்டிக் கால் வைத்தாள். மணி அடித்தது. கைப்பிடி குளிர்ந்தது. மணி அடித்தது. கதவைத் தள்ளினாள்.

அறை காலி. கட்டிலை நவம்பரிலேயே எடுத்துப் போய்விட்டார்கள். கம்பளத்தில் சக்கரங்கள் அழுந்திய நாலு குழிகள் மட்டும். அந்தக் குழிகள் அவள் கண்ணெதிரே ஆழமாகின. யாரோ புரண்டு படுப்பதுபோல, ஒரு பக்கத்து இரண்டும் அதிகமாக. கதவுப் பக்கத்து இரண்டும். படுத்திருப்பவரின் கை எட்டும் உயரத்தில், பிடிக்க ஒன்றுமில்லாமல், அந்தரத்தில் பித்தளை மணி.

அது கதவைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

“கேட்டுச்சு,” என்றாள். “அன்னிக்கே கேட்டுச்சு, லம்பர்ட். மெத்தையைத் தலையில வெச்சு அமுக்கிக்கிட்டேன். நின்னப்ப சந்தோஷப்பட்டேன்.”

மண்டியிட்டாள். அழுதாள். அந்தக் கிறிஸ்தவ நாவல்களில் இந்த இடத்தில் தோள்மேல் ஒரு கை விழும். ஒவ்வொன்றிலும் விழும்.

மணி அடித்தது. அதே வேகம். அதே மரியாதை. இன்னும் யாரும் வரவில்லை என்பது போல.

அவளுக்குப் புரிந்தது. அவள் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. எழுந்து மணிக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள். கையை நீட்டினாள். விரல்கள் குளிரில் புகுந்து மறுபக்கம் வந்தன. புத்தகத்தைத் திறந்தாள். படித்தாள். மணிக்கு மேல் குரலை உயர்த்திப் படித்தாள். கத்திப் படித்தாள். புயல். விளக்கு. மூன்றாவது பத்தி. விஷம் கலந்த கை.

“சமையல்காரிதான்,” என்றாள். தொண்டை கிழிந்திருந்தது. “கண்டுபிடிச்சுட்ட, லம்பர்ட். கேக்குதா? சமையல்காரிதான். நீ சொன்னதுதான்.”

மணி நின்றது.

ஒரு மூச்சு நேரம்.

பிறகு, வழியில் நிற்கும் எதையோ தாண்டிப் பார்ப்பதுபோல, அது மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து, அவள் தோளுக்கு அப்பால், திறந்து கிடந்த கதவைப் பார்த்து, முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக அடிக்கத் தொடங்கியது.